அச்சமின்றி அழுத்துக

வீர. அடைக்கலசாமி எனும் பெயரினன், அகவை எழுபத்தொன்றும் திங்கள் ஐந்தும் நிறைந்தவன், எட்டாம் வகுப்போடு பள்ளி வாசலை நீங்கி அதன்பின் மூன்று அகராதிகளையே ஆசான்களாகக் கொண்டு ஆங்கிலம் பயின்றவன், முப்பத்து மூன்று ஆண்டுகள் அறந்தாங்கியில் பேருந்து நேரக் காப்பாளனாக அமர்ந்து ஓய்வு பெற்றவன் ஆகிய நான், இக்கணம் செய்துகொண்டிருப்பது யாதெனில், உயிரற்ற ஒரு கணினித் திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இராது என்று நேற்றைய நாளிதழிலேயே போட்டிருந்தார்கள். படித்தேன், ஊர்ப்பெயரின் அடியில் பென்சிலால் கோடும் இட்டேன். வழக்கமாக ஒன்பது பத்துக்கோ ஒன்பதே காலுக்கோதான் நிறுத்துவார்கள். இன்று எவனோ ஒரு கடமை தவறாதவன் மணி ஒன்பது அடிக்கும்போதே கையை வைத்துவிட்டான். நான் 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தியது எட்டு ஐம்பத்தொன்பதுக்கு. அம்புக்குறி இருந்த இடத்தில் சிறு வளையமொன்று சுழலத் தொடங்கிற்று. சுழன்றது, சுழன்றது, தலைக்குமேல் மின்விசிறி தளர்ந்தது, திரை கறுத்தது. சென்றதா, செல்லவில்லையா. மின்சாரம் போனாலும் கணினியைக் காக்கவென்று வாங்கிய யூபிஎஸ் பெட்டி இரண்டாண்டுகளாகப் பின்கட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. அது உயிரோடிருந்தால் இந்நேரம் அறிந்திருப்பேன். அறிந்து என்ன செய்திருப்பேன்? செல்லவில்லை என்றால் மீண்டும் அழுத்தியிருப்பேனோ? இந்த வினாவுக்கு விடை கூறத் திராணியின்றித்தான் கறுத்த திரைக்கு நன்றி கூறிக்கொண்டும் அதைச் சபித்துக்கொண்டும் அமர்ந்திருக்கிறேன்.

அனுப்பிய வாசகம், அல்லது அனுப்பியிருக்கக்கூடிய வாசகம், எனக்கு மனப்பாடம். 'அன்புடையீர், தாங்கள் குறிப்பிடும் பக்கத்தில் எச்சரிக்கை சிவப்புக் கட்டத்துள் தெளிவுற இடம்பெற்றுள்ளது. தாங்கள் கவனிக்கத் தவறியிருக்கலாம். இனியேனும் முழுமையாகப் படித்தபின் செயல்படுக.' இனியேனும். அச்சொல்லை ஏன் இட்டேன்? அது இல்லாமலே வாக்கியம் நின்றிருக்கும். அது இருந்தால் ஓசை நிறைவாக இருக்கிறது என்று தோன்றியது. பொய் சொல்லும்போதுகூட ஓசை பார்த்திருக்கிறேன். சிவப்புக் கட்டம் இருக்கிறது என்பது மெய்தான்; எட்டு நாற்பத்தெட்டுக்கு நானே வைத்தேன். அந்தப் பெண் படித்தபோது அது அங்கே இல்லை. எஸ்தர் நவமணி, சாயர்புரம், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, காலை ஏழு ஐம்பதுக்கு உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தாள். நான் தமிழாக்கம் செய்யும் அந்தக் கணினி உதவித் தளத்தில் கணக்கு இல்லாதவரும் உரையாடல் பக்கத்தில் எழுதலாம். முன்பே எனக்கு அது பிடிக்காது, வாசலைத் திறந்துபோட்ட வீடு போல. 'ஐயா, ஏழாவது படியில சொன்னபடி மூணாவது பட்டனை அழுத்தினேன். கம்ப்யூட்டர்ல இருந்த எதையும் காணோம். நாலு வருசமா பிள்ளைகளை வச்சு எடுத்த சைகை வீடியோ அறுநூத்திப் பன்னிரண்டு அதுல இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல. இன்னொரு தடவை முதல்லேர்ந்து நிறுவினா திரும்ப வந்துருமா? தயவுசெஞ்சு சொல்லுங்க.' தயவுசெஞ்சு சொல்லுங்க என்று கேட்டவளுக்கு நான் சொன்ன விடை இனியேனும் என்பது. நிறுவக் கூடாது, அம்மா, நிறுவக் கூடாது. அழிந்ததுபோல் தோன்றும் கோப்புகள் வட்டின் அடியில் கிடக்கும். அதன்மேல் புதிதாக எதையேனும் எழுதினால்தான் மெய்யாகவே அழியும். 'முதற்கண் கணினியை அணைத்திடுக' என்று மீட்புப் பக்கத்தின் முதல் வரியைத் தமிழில் எழுதியவனே நான். எனக்குத் தெரியும். எட்டு ஐம்பதுக்கே தெரியும். அந்த ஒரு வரியை அவளிடம் சொல்வதற்கு, தப்பு என்னுடையது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே சொல்லவில்லை.

தளத்தைப் பற்றி அறியாதவர்க்குச் சொல்வதானால், கழித்துப்போட வேண்டிய பழங்கணினிகளுக்கும் உயிரூட்டும் ஓர் இயங்குதளம் இருக்கிறது, விலையில்லாதது, உலகெங்கும் பலர் கூடி ஆக்கியது. அதை எப்படி நிறுவுவது, எப்படிப் பேணுவது என்று விளக்கும் பக்கங்கள் நாற்பத்தொரு மொழிகளில் உள்ளன. தமிழில் உள்ள இருநூற்றுப் பதினேழு பக்கங்களும் ஆறாண்டுகளில் என் விரல் இரண்டால் தட்டச்சு செய்யப்பட்டவை. முகப்பில் மொழிவாரியாக ஒரு பட்டியல் உண்டு; முடிந்த பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று பச்சைப் பட்டையில் காட்டும். ஆங்கில மூலத்தில் யாரேனும் எதையேனும் மாற்றினால், உரிய தமிழ்ப் பகுதியின்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குறி வந்து உட்காரும்: மூலம் மாறியுள்ளது, சரிபார்க்கவும். பட்டை ஒரு மயிரிழை குறையும். பெரும்பாலும் காற்புள்ளி மாறியிருக்கும், படம் மாறியிருக்கும், நமக்கு அதில் வேலை இராது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காலையில் பார்க்கிறேன், தமிழ் தொண்ணூற்றாறு, மலையாளம் தொண்ணூற்றெட்டு. நாற்பத்து மூன்று ஆரஞ்சுக் குறிகள். சரிபார்க்கும் உரிமை பெற்றவர்க்கு மட்டும் காணக் கிடைக்கும் ஒரு பொத்தான் உண்டு, 'அனைத்தும் சரி' என்று. தமிழில் அவ்வுரிமை பெற்றவன் ஒருவனே. அழுத்தினேன். நாற்பத்து மூன்றும் ஒரே சொடுக்கில் மறைந்தன, பட்டை முழுப் பச்சையாயிற்று, தமிழ் முதலிடம். அன்று சித்திரான்னம் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டேன். அந்த நாற்பத்து மூன்றனுள் ஒன்றுதான் ஏழாவது படி. பழைய பதிப்பில் மூன்றாம் தெரிவு கோப்புகளைத் தொடாது. புதிய பதிப்பில் அதுவே வட்டு முழுவதையும் துடைத்துவிடும். அதற்காகத்தான் ஆங்கிலத்தில் சிவப்புக் கட்டம் போட்டார்கள். தமிழில் என் பழைய வரி நின்றது, சரிக்குறியோடு: 'மூன்றாவது தெரிவை அச்சமின்றி அழுத்துக.' ஆங்கிலத்தில் எந்தக் காலத்திலும் அச்சம் என்னும் பேச்சே இல்லை. அஞ்சுகிறவர்களுக்கு ஒரு துணிவு இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

வெயில் சன்னல் கம்பிகளைத் தாண்டி விசைப்பலகையின் பாதியை அடைந்துவிட்டது. வாசல் வழியே தெரியும் நடுவறைச் சுவர்க்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். அது பாட்டரியில் ஓடுவது, அதற்கு விடுமுறை கிடையாது. அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை கையை உயர்த்தித் தண்ணீர் என்றோ பசி என்றோ காட்டுகிறது; பேச்சில்லாத பிள்ளைகளின் பேச்சு அவ்வளவும். நான் பார்த்திராத அந்தக் கைகள் என் கண்ணுக்குள் அசைகின்றன. இந்நேரம் அவள் மறுபடி நிறுவத் தொடங்கியிருப்பாள். திரையில் அந்த நீலப் பட்டை இடமிருந்து வலமாக நகர்கிறது, ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு பிள்ளையின் கை மேல் மண் விழுகிறது. இல்லை, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குப் போயிருப்பாள். பள்ளியிலேயே கணினி இருந்தால்? எழுந்தேன், உட்கார்ந்தேன். வேறு பகுதிக்குப் போய் எவர் கணினியிலாவது அமரலாமே என்றால், என் கடவுச்சொல் என் நினைவில் இல்லை, இந்தக் கறுத்த பெட்டியின் நினைவில் இருக்கிறது. ஆம், அது ஒரு நல்ல காரணம். நல்ல காரணங்கள் எனக்கு எப்போதும் கைவசம் உண்டு. உரையாடல் பக்கத்தைப் படிக்கக் கடவுச்சொல் வேண்டாம், எழுதவும் வேண்டாம் என்பது இந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். மேலும் இந்த அறைக்கு அடுத்த அறையில், அரிசி மூட்டைமேல், என் மனைவி பஞ்சவர்ணத்தின் கைபேசி கிடக்கிறது. தொடர்நாடகம் பார்க்கும் பெட்டி என்று நான் பெயர் சூட்டி, நான்கு ஆண்டுகளாகத் தொடாமல் ஒதுக்கிவைத்தது. பத்தடி தூரம். எழுந்து போய் எடுத்தால் சென்றதா செல்லவில்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் கால் எழவில்லை. ஒன்பது மணி முதல் எழவில்லை. மின்சாரம் இல்லாமையால் அன்று.

ஜோதிமுத்து இப்போது ஏன் வருகிறான்? பத்தாண்டுகளாக வராதவன். மீமிசல் வண்டியின் நடத்துநர். காலை ஐந்து நாற்பதுக்கு அவன் வண்டி. நான் ஐந்தரைக்கே வந்து, ஆறரை வரைக்கும் உள்ள வண்டிகள் அனைத்துக்கும் புறப்பட்ட நேரத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவேன். அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாத ஏடு என்று மேலதிகாரி கூட்டத்தில் உயர்த்திக் காட்டிய ஏடு. அன்றொரு நாள் சக்கரம் பழுதாகி மீமிசல் வண்டி புறப்பட்டது ஆறு இருபத்தைந்துக்கு. என் ஏட்டில் ஐந்து நாற்பது. யாரோ ஒருவர் சாவு வீட்டுக்குப் போக வேண்டியவர், பிணம் எடுத்தபின் போய்ச் சேர்ந்து, புகார் எழுதிவிட்டார். விசாரணையில் ஏட்டைப் பார்த்தார்கள். இங்கிருந்து சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறது, ஆகவே வழியில் எங்கோ வண்டியைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறான். மூன்று நாள் பணியிடைநீக்கம். நான் அந்த அறையில்தான் இருந்தேன். மை உலர்ந்த அந்த ஐந்து நாற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த ஜோதிமுத்து, "நீங்க எழுதினா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான். ஏளனமா, மெய்யாகவே அப்படி நம்பினானா? ஏளனமாக இருக்கட்டும் என்று இத்தனை ஆண்டுகளாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். நம்பியிருந்தால் நான் எங்கே போவேன்?

"இந்தா, கரன்ட் இல்லாத பொட்டிக்கு முன்னால உக்காந்து என்ன வேண்டுதலா?"

பஞ்சவர்ணம் வாசற்படியில் நின்றாள், கையில் விசிறியாக மடித்த காலண்டர் அட்டை.

"சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்."

"நல்லாச் சிந்திங்க. சட்டையில காப்பியும் சிந்தியிருக்கு, அதையும் பாருங்க. மணி ஒண்ணாகப்போகுது, சோத்தைத் திங்க வாங்க."

"பசி இல்லை."

"பசி இல்லையா? நெஞ்சு வலிக்குதா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" அவள் உள்ளே வந்து என் முகத்துக்கு நேரே அட்டையை வீசினாள். "கம்ப்யூட்டர்ல ஏதும் அவசரமாப் பாக்கணுமா? அதுக்குத்தான் இந்தப் பாடா? ஏன் போன்ல பாத்துத் தொலைங்களேன். அதுல வராதா உங்க வெப்சைட்டு? இல்ல, சீரியல் பாத்த போன்ல வந்தா அதுக்குத் தீட்டாயிருமா?"

வரும் என்றேன். வரும் என்று என் வாய் கூறியதை என் காது கேட்டது. அவள் போய் எடுத்துவந்தாள். தளத்தின் பெயரைச் சொன்னேன், அவள் கைபேசியின் வாயருகில் அதைத் திரும்பச் சொன்னாள், பக்கம் வந்துவிட்டது. இவ்வளவு எளிதாக வரும் ஒன்றை நான்கு மணி நேரம் ஒரு மலையாக ஆக்கி அதன் இப்பாலே உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் கண்ணாடி இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. ஆயினும் கைபேசியை அவள் பக்கமே திருப்பினேன். "நீ படி." ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், விரலை எழுத்தின் கீழ் வைத்து, கடைச்சரக்குச் சீட்டு படிப்பதுபோல் படித்தாள். எஸ்தரின் வினாவைப் படித்து, "அடப் பாவமே" என்றாள். அதன்பின் மூச்சுவிடும் நேரம். கீழே ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், நான் இன்று மாலைக்குள் வேறொரு மனிதனாக, முதலிலிருந்து. ஆனால் அவள் விரல் நகர்ந்தது.

"'அன்புடையீர். தாங்கள் குறிப்பிடும் பக்கத்தில்.' இது யாரு, வேற ஆளா? 'தாங்கள் கவனிக்கத் தவறியிருக்கலாம். இனியேனும் முழுமையாகப் படித்தபின் செயல்படுக.' ஏங்க, அந்தப் புள்ள தலையில அடிச்சிக்கிட்டு நிக்கிது, இவன் என்ன வாத்தியார் கணக்கா கெறுக்காப் பேசுறான்?"

"மேலே படி."

"மேலயா, கீழயா?"

"கீழே."

அவள் படிக்கவில்லை. விரல் ஓரிடத்தில் நின்றிருந்தது. வாக்கியங்களின் அடியில் ஒரு பெயர் இருக்கும், தளம் தானாகவே இடுவது. அதை அவள் இப்போதுதான் கூட்டிக்கொண்டிருந்தாள். அ-டை-க்-க என்று உதடு அசைந்தது. கூட்டி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு அவளுக்கு நான் இன்றுவரை நன்றி கூறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். "'மன்னிக்கணும் ஐயா. இப்ப பாத்தேன், கட்டம் பெருசாத்தான் இருக்கு. அதை எப்படிப் பாக்காம விட்டேன்னே தெரியல. தப்பு எம்மேலதான். உங்க நேரத்தை வீணாக்கிட்டேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் போயி மறுபடி முதல்லேர்ந்து நிறுவிப் பாக்கிறேன்.' பத்து இருபதுக்குப் போட்டிருக்கு." பிறகு அவள் குரலிலேயே, "இந்தப் புள்ள என்னங்க தப்புப் பண்ணிச்சு?" என்றாள்.

"ஒன்றும் செய்யவில்லை."

"அப்புறம்?"

"நான்தான்."

நாலு மணி. இப்போது ஒன்று இருபது. எஸ்தர் தன் கண்ணையே நம்பவில்லை. என் எழுத்தை நம்பினாள். கட்டம் காலையிலும் அங்கே இருந்ததென்றும் தானே குருடாய் இருந்துவிட்டதாகவும் நம்பிவிட்டாள். என்னை அடித்திருந்தால் வலி போயிருக்கும். பஞ்சவர்ணம் கைபேசியின் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு என் முகத்தருகே நீட்டினாள். இதில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம், பேரனுக்கு அப்படித்தான் அவள் செய்தி அனுப்புவாளாம். தட்டச்சு என்றால் எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். வாய்விட்டு, இவள் காது கேட்க. நான் தொடங்கினேன்: "அம்மையீர், தங்கள்பால் யான் இழைத்த பிழையினைப் பொறுத்தருள வேண்டி..." அவள் பொத்தானை விட்டுவிட்டாள். "இது என்ன மேடையா? அந்தப் புள்ள எதுக்க நிக்கிதுன்னு நெனச்சுப் பேசுங்க. நேரமாகுதுல்ல?" மறுபடி நீட்டினாள். அப்போது என் வாயிலிருந்து வந்த தமிழ், நான் அறுபது ஆண்டுகளாக எழுத்தில் அனுமதிக்காத தமிழ்.

"எஸ்தரு, கம்ப்யூட்டரைத் தொடாதம்மா. மறுபடி எதையும் நிறுவாத. அப்படியே அணைச்சுப் போட்டுடு. அணைச்சு வச்சா வீடியோ திரும்பக் கிடைக்க வழி இருக்கு. மீட்புன்னு ஒரு பக்கம் இருக்கு, அதையும் நான்தான் தமிழ்ல போட்டேன், ஆனா என்னைய மட்டும் நம்பாத, இங்கிலீசையும் பக்கத்துல வச்சுப் பாரு. தப்பு உன்மேல இல்ல. நீ படிக்கும்போது அந்தச் சிவப்புக் கட்டம் அங்க இல்ல. இன்னிக்கு எட்டு நாப்பத்தெட்டுக்கு நான் வச்சது. வச்சுட்டு உனக்குப் பொய் எழுதினேன். படிக்காமயே நாப்பத்தி மூணு இடத்துல சரின்னு போட்டவன் நான். அடைக்கலசாமி, அறந்தாங்கி."

"அனுப்பட்டா?" என்றாள் பஞ்சவர்ணம். தலையசைத்தேன். வளையம் சுழன்றது. இம்முறை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், நின்றது, சென்றது. அதற்கு அப்பால் நான் செய்யக்கூடியது ஏதுமில்லை என்பதே பெரிய கொடுமையாக இருந்தது. சோறு ஆறிப்போயிருந்தது, தின்றேன். நாலு மணி கடந்தது. நாலு ஐம்பதுக்கு மின்சாரம் வந்து எல்லாம் ஒருசேர உறுமின. எஸ்தரிடமிருந்து மறுமொழி இல்லை. அவள் கைபேசியைப் பார்த்தாளா, பாராமலே போய் அந்த நீலப் பட்டையை ஓடவிட்டாளா? பதில் இல்லாத அந்த வெற்றிடத்துக்கு முன் உட்கார்ந்து, செய்யக்கூடியதைச் செய்தேன். நாற்பத்து மூன்று சரிக்குறிகளையும் நானே நீக்கினேன், நாற்பத்து மூன்றையும் ஆங்கிலத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடங்களில் பொருளே மாறியிருந்தது. அவற்றை நம்பி எவரெவர் எதை இழந்தார்களோ, எழுதாமல் போனவர்களை நான் எங்கே தேடுவேன்? தளத்தின் குழுவுக்கு எழுதி, சரிபார்க்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுமாறும், என் எழுத்தை இன்னொருவர் படித்தபின்னரே வெளியிடுமாறும் கேட்டுக்கொண்டேன். சரிக்குறி எதையும் நானாக இடவில்லை; பச்சைப் பட்டை தொண்ணூற்றாறில் நின்றது. மலையாளம் மேலே போயிற்று. புதன் கிழமை பதில் இல்லை. வியாழன் இல்லை. ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் நெஞ்சில் மீமிசல் வண்டியின் இயந்திரம்.

வெள்ளியன்று வந்தது. செவ்வாயன்று மதிய உணவு இடைவேளையிலேயே பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி செய்து, மாமியாரிடம் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கச் சொன்னாளாம்; பக்கத்து ஊரில் ஒருவரிடம் வட்டைக் கொடுத்து மூன்று நாள் ஆயிற்றாம். அறுநூற்றுப் பன்னிரண்டில் நானூற்று எழுபத்தொன்று கிடைத்தது. 'மிச்சத்துல பாதியை மறுபடி எடுத்துருவோம் ஐயா. ஆறு பிள்ளைக படிப்பு முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க, அவங்க கை இனிமே கிடைக்காது. உங்க மேல முதல்ல ரொம்பக் கோவம். ரெண்டு நாள் பேசாம இருந்ததுக்கு அதான் காரணம். அந்த ஏழாவது படியில அச்சமின்றின்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதை மட்டும் எடுத்துருங்க.' எடுத்தேன். எடுத்த இடத்தில் வேறு சொல் எதையும் வைக்கவில்லை. மாற்றத்தைக் குழுவின் பார்வைக்கு அனுப்பினேன். அவர்கள் படித்து ஒப்புக்கொண்டார்கள் என்னும் அறிவிப்பு திரையில் தோன்றியபோது எழுந்து நடுவறைக்குப் போய், சுவர்க்கடிகாரத்தின் நேர்கீழே நின்று, முள்ளை என் கண்ணால் பார்த்து, திரும்பி வந்து எழுதுகிறேன். இவ்விவகாரம் முடிவுற்றது சுபகிருது ஆண்டு புரட்டாசித் திங்கள் ஆறாம் நாள், இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு செப்டம்பர் இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி மூன்று நாற்பத்திரண்டு.